வடிவு அண்ணி கூப்பிட்ட பெயர்

ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கி எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டதையும், நாங்கள் சட்டி பானையோடு சென்னீர்குப்பத்துக்குக் குடி வந்ததையும் இதுவரை சொல்லியிருக்கிறேன். வந்தவர்கள் மூன்று பெண்கள். என் அம்மா பொன்னியம்மா, என் அண்ணன் பரந்தாமனின் மனைவி வடிவு, பிறகு நான், பூங்காவனம். நிலத்தை எடுத்த அதே பட்டாளத்தில் சேர்ந்து அண்ணன் பர்மா பக்கம் சண்டைக்குப் போயிருந்தான். தை மாதத்தோடு அவனைப் பற்றிய சேதி நின்றுவிட்டது.

பூந்தமல்லி ரோட்டு ஓரம் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிதான் எங்களுக்குச் சோறு போட்டது. எனக்கு அங்கே சமையல்கட்டில் வேலை. அண்ணிக்குப் பெண்கள் வார்டில் ஆயா வேலை. மலச்சட்டி எடுக்க வேண்டும், உடம்பு துடைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், சாப்பாடு கொடுக்க வேண்டும். மருந்தை மட்டும் தொடக் கூடாது.

மருந்தைத் தொட வேண்டுமென்றால் பட்டணத்தில் நர்ஸ் பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும். ஒரு வருஷம் குறையில்லாமல் வேலை பார்த்த ஆயா, எட்டாவது படித்திருந்தால், ஆஸ்பத்திரியே சிபாரிசு செய்து அனுப்பும். யுத்தத்தில் நர்ஸ் கிடைக்காத காலம், கல்யாணமானவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அண்ணி எட்டாவது படித்தவள். அந்த ஆனி மாதத்தோடு அவளுக்கு ஒரு வருஷமும் முடிந்தது.

யாரை அனுப்புவது என்று பெரிய டாக்டரம்மா அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்வதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் அம்மா விடிந்ததும் ஆவடி கேம்ப்புக்கு நடையைக் கட்டிவிடுவாள். உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நின்றுகொண்டு, வெளியே வருகிற ஒவ்வொரு சிப்பாயையும் நிறுத்தி, "எம் புள்ளையைப் பாத்தியா நைனா?" என்று கேட்பாள்.

அன்று புறப்படும்போது அண்ணியிடம் பேச்சு கொடுத்தாள்.

"பீ வார்றதுக்குப் படிப்பு வேற கீதா?"

"வாரக் கத்துக்கினேன் அத்தே. இனிமேட்டு ஊசி போடக் கத்துக்கணும்."

"எம் புள்ள வந்து எங்கம்மா எம் பொண்டாட்டின்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"பட்டணத்துல கீறான்னு சொல்லு. பர்மாவுலேர்ந்து வர்றவரு பட்டணத்துக்கு வர மாட்டாரா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கப் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "வாயி மட்டும் கொறச்சல் இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அவள் தலை மறைந்த பிறகு அண்ணி என்னிடம் சொன்னாள். "இன்னிக்கு மட்டும் ஆவலைன்னா, அடுத்த வருஷம் வரைக்கும் என்னால தாங்க முடியாது பூங்காவனம். காலையில கண்ணத் தொறந்தா கெணத்துப் பக்கம்தான் மனசு போவுது."

இதைச் சொல்லும்போது அவள் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள். குரல் சாதாரணமாகவே இருந்தது. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் நுழைந்ததுமே எஸ்தர் சிஸ்டர் அண்ணியைக் கூப்பிட்டார். அவர் தலைமை நர்ஸ், தெற்கே நாசரேத்துக்காரர். வார்டுகள் எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன.

"பிள்ளைங்க வார்டு ஆயாவுக்கு இன்னிக்குக் காய்ச்சல். நீ போ. சாயங்காலம் டாக்டரம்மா உன்னைப் பத்தி என்கிட்டதான் கேப்பாங்க, பாத்துக்கோ."

"சரிங்க சிஸ்டர்."

"சாப்பாடு கொடுக்கும்போது இந்தச் சீட்டைப் பாத்துப் பேர் சொல்லிக் கூப்பிடு. எம் பிள்ளைதான்னு அம்மாக்காரி பதில் சொல்லணும். சொன்ன பிறகுதான் ஊத்தணும். அங்கே டைபாய்டு ஒண்ணு இருக்கு. அவனுக்கு பார்லித் தண்ணி மட்டும்தான். குடல் பூராவும் புண்ணு. கெட்டியா உள்ளே போச்சுன்னா குடல் ஓட்டையாயிரும்."

அண்ணி சீட்டை வாங்கிக்கொண்டு போனாள். பாதி வழியில் நின்று ஒரு தடவை படித்தாள். பிறகு மறுபடியும் படித்தாள். நான் சமையல்கட்டு வாசலிலிருந்து பார்த்தேன். எழுத்து புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டைபாய்டுக் குழந்தையின் பெயர் பரந்தாமன்.

எங்கள் பக்கத்தில் கட்டியவன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறையும். அண்ணி இதில் ரொம்பக் கண்டிப்பு. பரண் மேல் இருக்கும் பானையைக்கூட "மேல கீற பானை" என்றுதான் சொல்வாள். அரிசிக் கார்டுக்குப் பெயர் எழுத வந்தவர் புருஷன் பெயரைக் கேட்டபோது என் முதுகைக் கிள்ளினாள், நான் சொன்னேன். அண்ணன் சண்டைக்குப் போன பிறகு இந்தக் கண்டிப்பு இன்னும் இறுகிவிட்டது. குண்டு விழுகிற இடத்தில் இருக்கிறவனுக்குத் தன் வாயாலும் ஒரு கெடுதல் வேண்டாம் என்று நினைத்திருப்பாள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். என் புருஷன் பெயரை நான் முதன்முதலாகச் சொன்னது, அவரைப் பாயில் கிடத்தியிருந்தபோதுதான். பெயரைச் சொல்லி அழு என்று சுற்றி இருந்த பெண்கள் சொன்னார்கள். மணவாளன். அன்று அந்தப் பெயர் என் வாய்க்குப் புதிதாக இருந்தது.

பகல் சாப்பாட்டு வாளிகளைப் பிள்ளைகள் வார்டு வாசலில் வைத்துவிட்டு நான் ஆண்கள் வார்டுக்குப் போய்விட்டேன். நான் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பெயரை நான் கூப்பிட்டிருப்பேன். அண்ணன் பெயரைத் தங்கை சொல்வதில் தடை ஒன்றும் கிடையாது.

இனி நடந்ததை அண்ணி பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த வார்டில் ஒவ்வொரு குழந்தையோடும் அதன் தாய் தங்கியிருந்தாள். சீட்டில் பெயருக்கு எதிரே கட்டிலும் எழுதியிருந்தது. டைபாய்டுக் குழந்தை சுவரோரக் கட்டில். அதற்கு அடுத்து ஜன்னல் கட்டில், அதில் வேம்புலி என்ற பையன். மலேரியா விட்டுப்போய் அன்றிலிருந்து அவனுக்குச் சோறு.

ஒரு பெயரை மட்டும் விட்டுவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் அண்ணி எல்லாரையுமே கட்டிலைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"கதவோரக் கட்டிலு, கஞ்சி. தூணோரக் கட்டிலு, பாலு. ஜன்னல் கட்டிலு, சோறு."

ஜன்னல் கட்டிலிலிருந்து ஒருத்தி தட்டோடு ஓடிவந்தாள். வேப்பம்பட்டைச் சேர்ந்தவள், பெயர் அங்கம்மா.

"சோறா அக்கா? நெசமாவா?"

"எழுதியிருக்கில்ல. புடி."

"எத்தினி நாளா அழுவுறான் தெரியுமா, சோறு சோறுன்னு. நீ நல்லா இருக்கணும்." அங்கம்மா தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.

"செவுரோரக் கட்டிலு, பார்லித் தண்ணி."

சுவரோரக் கட்டிலிலிருந்து வந்தவள் முணுமுணுத்தாள். "நேத்து சோறுன்னாங்க. இன்னிக்குத் தண்ணியா? எம் புள்ள இன்னா மாடா, தண்ணி காட்றதுக்கு?"

"சிஸ்டர் எழுதினதைத்தான் குடுக்கிறேன். சண்டையை அவங்ககிட்ட வச்சிக்கோ."

சிஸ்டரிடம் சண்டை போட யாருக்குத் தைரியம்? அவள் தண்ணீரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

விடியற்காலையில் அந்த இரண்டு தாய்மார்களும் தங்களுக்குள் பேசி, கட்டிலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருந்தது. உன் பிள்ளைக்குத்தான் காய்ச்சல் விட்டுப்போச்சே, என் பிள்ளை மேல் கொஞ்சம் வேப்பங்காற்று படட்டும் என்று அங்கம்மா கேட்டிருக்கிறாள். வேம்புலியின் தாயும் சரி என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்திருக்கிறாள். தலைமாட்டில் தொங்கிய அட்டைகளை இருவரும் தொடவில்லை. அது ஆஸ்பத்திரிக்காரர்கள் சாமான்.

வெயில் சாய ஆரம்பித்த நேரத்தில் நான் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வார்டிலிருந்து ஒரு அலறல் கேட்டது. குழந்தையின் அலறல். பிறகு அது நின்றுவிட்டது. நின்றதுதான் என்னை எழுந்து ஓடவைத்தது.

ஜன்னல் கட்டிலில் அங்கம்மாவின் குழந்தை காலை மடக்கிக்கொண்டு கிடந்தான். மொட்டையடித்த தலை. நெற்றியெல்லாம் வியர்வை. வயிறு பலகை மாதிரி விறைத்திருந்தது. எஸ்தர் சிஸ்டர் நாடியைப் பிடித்தபடி கேட்டார்.

"இவனுக்கு என்ன கொடுத்தே?"

அங்கம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "நீங்க குடுக்கச் சொன்ன சோறுதான் சிஸ்டரம்மா. பருக்கை உடாம துன்னுட்டான்."

சிஸ்டர் தலைமாட்டு அட்டையைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்பே அண்ணி முன்னால் வந்து நின்றாள்.

"நான்தான் குடுத்தேன்."

"பேர் கேட்டியா?"

"இல்லைங்க."

"கேட்கணும்னு காலையில சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"பிறகு ஏன் கேக்கலை?"

அண்ணி கையிலிருந்த சீட்டை மடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன். "சிஸ்டர், எங்க அண்ணன் பேரும் அதாங்க."

வேம்புலியின் தாய் உடனே சேர்ந்துகொண்டாள். "பின்ன எப்புடிங்க வாயால சொல்லுவா? ஊட்டுக்காரரு பேராச்சே. நான்கூட சொல்ல மாட்டேன்."

"எங்க வீட்டுக்காரர் பேரு சாமுவேல்" என்றார் சிஸ்டர். "தினமும் சொல்லுதேன். நல்லாத்தான் இருக்காவ."

சிஸ்டர் அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அண்ணிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பட்டணத்திலிருந்து வரவேண்டிய டாக்டரம்மாவுக்குப் போன் செய்யப் பூந்தமல்லிக்கு ஒரு ஆளை சைக்கிளில் அனுப்பினார்கள். அவர் கார் வந்து சேர்ந்தால் வயிற்றைத் திறந்து பார்க்கலாம், அதுவரை குழந்தை இருந்தால். அங்கம்மா தலையில் அடித்துக்கொண்டு கட்டில் மேல் விழுந்ததால் அவளை வெளித் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார்கள். மற்ற தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"கண்ணு சொருகுது பாரு" என்றார் சிஸ்டர். "நான் ஊசியும் வெந்நீர்ப் பாட்டிலும் கொண்டுவாரேன். நீ இங்கேயே இரு. தூங்க விட்டிராதே. பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இரு."

சொல்லிவிட்டு விரைந்து போனார்.

அண்ணி கட்டிலோரம் மண்டி போட்டாள். "கண்ணு" என்றாள். "ராஜா. தம்பி. இங்கப் பாருப்பா. சாமி." எந்தக் குழந்தைக்கும் சொல்கிற சொற்கள். அவன் அசையவில்லை.

"நவுரு அண்ணி. நான் கூப்புடறேன்." நான் குனிந்து "பரந்தாமா" என்றேன். இமை லேசாகத் துடித்தது. இன்னொரு தடவை கூப்பிட்டேன். கருவிழி தெரிந்தது.

"அவன் பேருக்குத்தான் முழிக்கிறான்" என்றாள் அண்ணி. "உடாத பூங்காவனம். கூப்புட்டுக்கினே இரு. நான் உங் காலுல வேணா உழறேன்."

நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது வாட்ச்மேன் நாகேந்திரன் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"யம்மா பூங்காவனம், உங்கம்மா கேட்டாண்ட நிக்குது. கூட ஒரு பட்டாளத்து ஆளு. உன்னியும் உங்க அண்ணியையும் ஒடனே வரச் சொல்லுது."

அண்ணி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அம்மா அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் அதுவரை வந்ததே இல்லை. தீட்டு என்று ரோட்டின் அந்தப் பக்கமாகவே நடப்பாள்.

"அவரு சேதிதான்" என்றாள் அண்ணி.

"நீ போ அண்ணி. நான் இங்க இருக்கேன்."

எழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். தை மாதத்திலிருந்து அவள் காத்திருந்தது அந்தச் சேதிக்காகத்தான். அவள் கை குழந்தையின் விரல்களைப் பிடித்திருந்தது. அந்தக் கையை எடுக்கவில்லை.

"சிஸ்டர் என்னிய இங்க இருக்கச் சொல்லிகீறாங்க. நான் பண்ணினது. நான் எழுந்து போனா அது அடுக்காது." என் தோளைத் தள்ளினாள். "நீ போயி இன்னான்னு கேட்டுக்கினு ஓடியா. நல்லா கீறாரான்னு மட்டும் கேளு. வேற ஒண்ணும் வேணாம்."

"இவனை யாரு கூப்புடுவா?"

"போ பூங்காவனம்."

வேப்பமரத்தைத் தாண்டினால் கேட். ஜன்னலிலிருந்து கூப்பிடு தூரம்தான். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். நடந்து வந்த களைப்பே அவள் முகத்தில் இல்லை. அவளுக்குப் பின்னால் காக்கிச் சட்டை போட்ட ஒருவன், ஒரு காலைச் சற்றுத் தூக்கி, ஊன்றுகோலின் மேல் சாய்ந்திருந்தான்.

"பூங்காவனம், யாரு வந்துகீது பாரு" என்றாள் அம்மா. "கன்னியப்பனாம். திருநின்றவூராண்ட ஊடு. நம்ம பரந்தாமனோட ஒரே தட்டுல சோறு துன்னவன். காலுல குண்டு பட்டு அனுப்சிட்டாங்க. ஆவடியில எத்தினி வாட்டி கேட்டும் வாயத் தொறக்கல. சம்சாரத்துகிட்டதான் சொல்வேன்றான். எம் புள்ள பொண்டாட்டிக்கு இன்னாத்தையோ குடுத்து அனுப்சிகீறான்டி. எங்க அவ?"

"வேலையா இருக்கா. எங்கிட்ட சொல்லச் சொன்னா." நான் அவனைப் பார்த்து, "அண்ணாத்தே, எங்க அண்ணன் நல்லா கீறானா?" என்று கேட்டேன்.

அவன் தரையைப் பார்த்தான். "அவங்க வரட்டும்மா" என்றான்.

அப்போது வார்டிலிருந்து அந்தக் குரல் வந்தது.

முதலில் தொண்டையில் எதுவோ அடைத்தது மாதிரி ஒரு சத்தம். அண்ணியின் குரல் என்றே தெரியவில்லை. அடுத்த தடவை தெளிவாகக் கேட்டது.

"பரந்தாமா."

அம்மாவின் கை கம்பியிலிருந்து நழுவியது.

"பரந்தாமா. பரந்தாமா. கண்ணத் தொறடா. என்னிய உட்டுட்டுப் போவாதடா. பரந்தாமா."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி சொல்லாத பெயர். ஒரு பெண் அதை எப்போது சொல்வாள் என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அம்மா அப்படியே ரோட்டு மண்ணில் உட்கார்ந்தாள். மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, இல்லம்மா. அது அண்ணன் இல்ல." நான் கேட்டைத் திறந்துகொண்டு ஓடினேன். அது ஒரு குழந்தை, அந்தக் குழந்தைக்கும் அதே பெயர் என்று சொல்லவேண்டும். அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

கன்னியப்பன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். வார்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, அம்மாவுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டான்.

"அவங்களுக்கு எனக்கு முன்னாடி யாரும்மா சொன்னது?"

அம்மாவின் தோளை உலுக்குவதை விட்டுவிட்டு, அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன்.

உள்ளே குழந்தை கண்ணைத் திறந்து ஏதாவது பதில் சொல்லியிருக்க வேண்டும். அண்ணியின் குரல் சட்டென்று மாறியது. அழுகை போய், இன்னும் சத்தமாக, ஏறக்குறைய சந்தோஷமாக, அவள் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.